திருகும் மரையும்: நாஞ்சில் நாட்டு மடைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

நாஞ்சில் நாட்டு நீர்ப்பாசன வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் பெயர்களின் வரலாறுதான். பரளியாற்றை மறித்துத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பியவன் பாண்டியன்; ஆகவே அது பாண்டியன் அணை, பாண்டியன் கால். கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணையைக் கட்டுவித்தவர் திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள். கட்டியவர் பொறியாளர் மிஞ்சின் துரை. 1897இல் தொடங்கிய வேலை 1906இல் முடிந்தது. மிஞ்சினின் கல்லறை அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அரசு மலர்கள், பள்ளிக்கூடத்துக் கட்டுரைகள், விவசாய சங்கங்களின் துண்டறிக்கைகள் என எதை எடுத்தாலும் இந்தப் பெயர்கள் இதே வரிசையில் வரும்.

சரி, அணை கட்டியாச்சு. அதற்குப் பிறகு? வழக்கமாக ஜூன் மாதம் கன்னிப்பூ சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். மறுநாள் பத்திரிகையில் அமைச்சரோ ஆட்சியரோ மலர்தூவும் படம் வரும். தண்ணீர் அங்கிருந்து சானல்களுக்கும், சானலிலிருந்து கிளைக்கால்களுக்கும், கிளைக்காலிலிருந்து குளங்களுக்கும், குளத்திலிருந்து வயலுக்கும் போகவேண்டும். ஒவ்வோர் இடத்திலும் ஓர் இரும்புத் தண்டைப் பிடித்து ஒருவர் சுற்றியாக வேண்டும். மெதுவாக, பாரத்தோடு, அங்குலம் அங்குலமாக. இந்தச் சுற்றல் எந்த வரலாற்றிலும் இல்லை. அதைச் சுற்றுகிறவரின் பெயரும் இல்லை.

நாஞ்சில் நாட்டின் நீர் வரலாற்றை அந்தத் தண்டிலிருந்து எழுதிப் பார்க்க முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பழக்கத்தில் மரை கழன்ற கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் அதிகாரம் பற்றி நாம் இவ்வளவு எழுதியிருக்கிறோம். அது எந்தப் பொருளின் வழியாக, யாருடைய தோள்பட்டையின் வழியாக நம் வயலுக்கு வந்து சேர்கிறது என்று குறைவாகவே கேட்டிருக்கிறோம்.

2

முதலில் பொருளைப் பார்ப்போம். மடையின் வாயில் பக்கவாட்டுப் பள்ளங்களுக்கிடையே ஓர் இரும்புப் பலகை. ஊர்ப்பேச்சில் ஷட்டர். அதிலிருந்து மேலே கரைவரை ஒரு தண்டு. தண்டின் மேற்பகுதியில் புரி வெட்டியிருக்கும். அந்தப் புரி ஒரு மரைக்குள் ஏறி இறங்கும். சில இடங்களில் தண்டு சுற்றும், சில இடங்களில் மரை சுற்றும். கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். பெரிய அணைகளில் மோட்டார் வந்துவிட்டது. கிளைக்கால்களிலும் குளத்து மடைகளிலும் இன்னும் கைதான்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஷட்டர் 1 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அதன் நடுவிலிருந்து நீர்மட்டம் 12 மீட்டர் உயரம். அப்படியென்றால் பலகையைத் தண்ணீர் அழுத்தும் விசை ஏறத்தாழ 12 டன். இந்த அழுத்தம் பலகையைக் கீழே இழுப்பதில்லை, பள்ளத்தோடு சேர்த்து அமுக்குகிறது. அமுங்கிய இரும்பை இரும்பின்மேல் உரசித் தூக்க வேண்டும். அதற்கு 4 டன் போல் ஆகும். பலகையும் தண்டும் சேர்ந்த எடையை 1 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 5 டன். இதை ஒரு மனிதர் தூக்குகிறார். எப்படி? திருகின் புரி ஒரு சுற்றுக்கு 1 சென்டிமீட்டர் ஏறுகிறது. கைப்பிடிக்கும் மரைக்கும் இடையில் ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் பற்சக்கரங்கள். 1 மீட்டர் தூக்க 400 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கைப்பிடியில் இருபது கிலோவுக்கு மேல் அழுத்தவேண்டும். கிரீஸ் வறண்டு துரு ஏறிவிட்டால் இது இருமடங்கை நெருங்கும்.

ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “திருக்கினவனுக்குத்தான் தம்பி வெள்ளத்துக்க கனம் தெரியும். பாக்கியவனுக்கு ஆறுமாதிரி சும்மா ஓடுகதாட்டுத் தெரியும்.” பொதுப்பணித்துறையில் மடைகளைப் பார்த்துக்கொள்ளும் கடைநிலை ஊழியருக்கு லஸ்கர் என்று பெயர். படைவீரனைக் குறித்த பாரசீகச் சொல், கப்பலில் வேலைபார்த்த ஆசியக் கூலிகளுக்கு ஆகி, கடைசியில் நம் ஊர்க் கால்வாய்க்கரையில் வந்து நின்றிருக்கிறது. சொல்லின் பயணமே ஏகாதிபத்தியத்தின் ஒரு சிறு வரலாறு.

இனி முக்கியமான விஷயம். 5 டன் தொங்கிக்கொண்டிருக்கிற அந்தத் திருகிலிருந்து கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஷட்டர் நின்ற இடத்தில் நிற்கும். எத்தனை மாதமானாலும் நிற்கும். கீழே இறக்க வேண்டுமென்றாலும் எதிர்ப்பக்கம் சுற்றித்தான் இறக்கவேண்டும். பொறியியலில் இதைத் தானே பூட்டிக்கொள்ளும் திருகு என்பார்கள். காரணம் எளியது. திருகின் புரி என்பது ஒரு தண்டைச் சுற்றிச் சாய்த்து ஒட்டிய சரிவுப்பாதை. லாரியிலிருந்து மூட்டை இறக்கப் பலகை சாய்க்கிறோம். சரிவு அதிகமாக இருந்தால் மூட்டை தானே சறுக்கும். பலகை படுத்திருந்தால் தள்ளினால்தான் நகரும். திருகின் புரி நன்றாகப் படுத்த பலகை. சுமை எவ்வளவு அழுத்தினாலும் தண்டைத் தானே பின்னோக்கிச் சுற்ற முடியாது.

இதற்கு ஒரு விலை உண்டு. தானே பூட்டிக்கொள்ளும் திருகில், ஏற்றுகிறவர் செலவிடும் உழைப்பில் பாதிக்குமேல் உராய்வுக்கே போய்விடும். இதில் தப்பிக்க வழியில்லை. ஏற்றும்போது உராய்வு தின்னும் பங்கு, சுமைக்குப் போய்ச் சேரும் பங்கைவிடக் குறைவாக இருந்தால், கையை விட்டதும் சுமை உராய்வை ஜெயித்துக் கீழே இறங்கிவிடும். ஆகவே பூட்டு வேண்டுமென்றால் உழைப்பில் பாதிக்குமேல் வீணாகியே தீரவேண்டும். நான் மேலே சொன்ன அளவுகளில் நான்கில் மூன்று பங்கு வீண். 400 சுற்றில் 300 சுற்று, ஷட்டரைத் தூக்குவதற்காக அல்ல, தூக்கிய நிலை மாறாமலிருப்பதற்காக.

அதிகாரத்தை எந்திரத்தோடு ஒப்பிடுவது பழைய பழக்கம், அலுத்துப்போன பழக்கமும்கூட. இங்கே ஒப்பீடு தேவைப்படவில்லை. மடையின் திருகு அதிகாரத்தின் உவமை இல்லை, அதன் உறுப்பு. ஒரு முடிவு எடுக்கப்பட்டதும் அந்த முடிவைக் கீழேயுள்ள பாரம், அதாவது தண்ணீரும் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரும், தானாக மாற்றிவிட முடியாதபடி நிறுத்திவைக்கும் கருவி அது. அந்த நிறுத்தலுக்கான செலவு யாருடைய உடம்பிலிருந்து வருகிறது என்பதுதான் வரலாற்றுக் கேள்வி.

3

திருகு வருவதற்கு முன்னால் என்ன இருந்தது?

தோவாளை, அகஸ்தீஸ்வரம் இரண்டு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் வழக்கில் நாஞ்சில் நாடு. அதன் நரம்பு பழையாறு. மலையடிவாரத்திலிருந்து மணக்குடிக் கடல்வரை ஆற்றின் குறுக்கே வரிசையாக அணைக்கட்டுகள்: வீரப்புலி, பள்ளிகொண்டான், சபரி, குமரி, சோழந்திட்டை, பிள்ளைபெற்றான் என்று. இவை பேச்சிப்பாறை மாதிரி தண்ணீரைத் தேக்கிவைக்கும் அணைகள் அல்ல. ஆற்றின் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கத்துக் காலுக்குத் திருப்புகிறவை. மிஞ்சியது அடுத்த அணைக்கு இறங்கும். மேலணைக்காரன் எவ்வளவு பேராசைப்பட்டாலும் ஓரளவுக்குமேல் பிடித்து வைக்க முடியாது. மறிப்பதற்கு மண்ணும் தழையும் மரப்பலகையும். குளங்களில் கல்தூம்பும் அடைப்பும். அடைப்பை எடுத்தால் தண்ணீர் வரும், போட்டால் நிற்கும். பலகையை ஓர் ஆள் ராத்திரியில் போய் உருவிவிடலாம், உருவியும் இருக்கிறார்கள். அந்த அமைப்பில் ஒரு முடிவைக் கலைப்பது, எடுப்பதைப்போலவே எளிது. ஆகவே முடிவு நிலைக்க வேண்டுமென்றால் பேச்சுவார்த்தை, முறைவைப்பு, மிரட்டல், அடிதடி, சாமி பேரில் சத்தியம் எல்லாம் வேண்டியிருந்தது. பூட்டு இரும்பில் இல்லாததால் மனிதர்களுக்கிடையே இருந்தாக வேண்டும்.

ஆசியாவின் நீர்ப்பாசனம் ஒரு மையப்பட்ட அரசைக் கட்டாயமாக்கியது என்று மார்க்ஸ் 1853இல் இந்தியாவைப் பற்றி எழுதும்போது கோடிட்டார். விட்ஃபோகல் 1957இல் அதைப் பெரிய கோட்பாடாக்கி, பாசனம் இருந்தால் கொடுங்கோன்மை இருக்கும் என்கிற அளவுக்குக் கொண்டுபோனார். பழையாற்று அணைகளின் வரிசையைப் பார்த்தால் இந்த வாய்ப்பாடு இங்கே அப்படியே பொருந்தவில்லை என்று தெரியும். தொலைவிலிருந்த அரசனைவிட ஊர்களின் நாட்டார் கூட்டமே தண்ணீரையும் வரியையும் பற்றி அதிகம் பேசியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாஞ்சில் நாட்டார் கூடி, அரசுக்கு வரி கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

இதைச் சொன்னதும் பழையதைக் கொண்டாட ஆசை வரும். நம்மிடையே சிலர் அதைச் செய்துகொண்டும் இருக்கிறார்கள்: மண் அணை, ஊர்க்கூட்டம், இயற்கையோடு இயைந்த வாழ்வு என்று. கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில், கவிமணி அக்கறையோடு படித்த அந்த ஓலைகளில்தான், மனிதர்களை விற்ற அடிமை ஓலைகளும் இருக்கின்றன. நாட்டார் கூட்டம் என்பது நிலமுடையோர் கூட்டம். வெள்ளம் வரும்போது இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்ணும் தழையும் திணித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்காரவில்லை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அரசுக்குக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டிய ஊழியம் அதற்குப் பிறகும் பல வடிவங்களில் நீடித்தது. அய்யா வைகுண்டரின் எதிர்ப்பில் ஊழியத்துக்கு எதிரான குரல் எவ்வளவு முக்கியம் என்பதை நாம் அறிவோம். பூட்டு மனிதர்களுக்கிடையே இருந்தது என்று சொன்னேன். அதன் உராய்வு முழுக்க ஒரு பக்கத்து மனிதர்களின் தோலில்தான் இருந்தது.

4

பேச்சிப்பாறை இந்த அமைப்பின்மேல் வந்து உட்கார்ந்தது. அதைப் பஞ்சத்திலிருந்து மீட்ட கருணை என்று மட்டும் சொல்வதும், காலனியச் சதி என்று மட்டும் சொல்வதும் சோம்பேறித்தனம். அணை வந்ததால் விளைச்சல் உறுதிப்பட்டது. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் பருவமழையின் தயவை மட்டும் நம்பியிருக்கவேண்டிய நிலை தளர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் பெருஞ்சாணியும், 1970களில் சிற்றாறு அணைகளும் சேர்ந்தபோது கோதையாற்றுப் பாசனம் ஒரே வலையாயிற்று. தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனார் எல்லாமே அந்த வலையின் இழைகள். காணிக்காரர்களின் மலை நீருக்கடியில் போனதைப் பற்றி இந்த வெற்றிக்கதை பேசுவதில்லை. அது தனியாக எழுதப்பட வேண்டியது. காணிக்காரர்களே எழுத வேண்டியது.

எனக்கு இங்கே முக்கியமானது வேறொன்று. தேக்கிவைக்கும் அணை வந்ததும் தண்ணீருக்குக் கனம் வந்தது. ஓடும் ஆற்றை மறிக்கும் பலகைக்குப் பின்னால் நிற்பது மூன்றடி, நாலடித் தண்ணீர். பேச்சிப்பாறையின் நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்று தினசரி பத்திரிகையில் படிக்கிறோமே, அந்த ஆழத்தைப் பலகை உருவித் திறக்க முடியாது. இரும்பு வேண்டும், பல்சக்கரம் வேண்டும், பூட்டிக்கொள்ளும் எந்திரம் வேண்டும். அணை தன் கால்வாய்களுக்கும் அந்த இரும்பையே சீதனமாகக் கொண்டுவந்தது. மராமத்து இலாகா கையில் சாவி வந்தது. சாவி என்று நான் உருவகமாகச் சொல்லவில்லை. திருகைச் சுற்றும் கைப்பிடியைக் கழற்றி எடுத்துப்போய் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஊர்க்காரர்கள் அதைச் சாவி என்றுதான் சொல்வார்கள்.

சாவி இல்லாதவனுக்குத் திருகு வெறும் கம்பம். முன்பு ராத்திரியில் பலகையை உருவிய கைக்கு இப்போது வேலையில்லை. தண்ணீர் எப்போது வரும் என்பது ஆற்றைப் பார்த்துச் சொல்லும் விஷயமாக இருந்தது போய், உத்தரவைப் பார்த்துச் சொல்லும் விஷயமாயிற்று. திறக்கும் நாள், மூடும் நாள், முறை நாள் எல்லாம் தாளில் வந்தன. தாளில் வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், ஓரளவுக்கு. மேல்மடைக்காரரின் ஜாதியும் தடியும் தீர்மானித்ததை உத்தரவு தீர்மானிப்பது ஒரு முன்னேற்றம். கடைமடையில் கொஞ்சம் நிலம் வாங்கி மேலேறிவந்த நாடார், ஈழவர், தலித் குடும்பங்களுக்குத் தடியைவிடத் தாள் மேல். தாளை எதிர்த்து மனுப்போடலாம். தடியை எதிர்த்து என்ன போடுவது?

ஆனால் தாளும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார்.

5

லஸ்கரின் வேலையை நாம் யாரும் பார்த்ததில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தும் கணக்கில் எடுத்ததில்லை. உத்தரவு பொறியாளரிடமிருந்து வருகிறது. அரையடி திற என்கிறது தாள். கரையில் மேல்மடைக்காரர் நிற்கிறார்: “ஒரு நாலு சுத்து கூடப் போடும் வே.” இரண்டு மைல் கீழே கடைமடைக்காரர் சைக்கிளில் வந்து நிற்கிறார்: “எங்களுக்கு ஒரு சொட்டு வரல்ல, நீரு என்னத்தத் திருக்கினீரு?” நாலு சுற்று என்பது 1 சென்டிமீட்டர். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் ஒரு கிராமத்தின் அரசியல் முழுக்க நடக்கிறது. சண்டை வந்தால் பொறியாளரை யாரும் அடிப்பதில்லை, அவர் அங்கே இருப்பதில்லை. அடிபடுகிறவர் லஸ்கர். அந்த ஓய்வுபெற்றவர் சொன்னதும் அதுதான்: “மேலேயும் ஏச்சு, கீழேயும் ஏச்சு. ஷட்டருக்கு வெள்ளத்துக்க பாரம் மட்டும்தான்.”

திருகின் தொழில்நுட்பத்தில் ஒரு சிறு விவரம் உண்டு. தண்டு எஃகு. அது ஏறி இறங்கும் மரையை எஃகில் செய்வதில்லை. பித்தளையோ வெண்கலமோ போன்ற மெதுவான உலோகத்தில் செய்வார்கள். இரண்டும் ஒன்றையொன்று உரசும்போது ஏதாவது ஒன்று தேயத்தான் வேண்டும். நீளமான தண்டு தேய்ந்தால் மாற்றுவது செலவு. சின்ன மரை தேய்ந்தால் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடலாம். ஆகவே தேய வேண்டியது எது என்று முன்கூட்டியே தீர்மானித்து, அதை மெதுவாகச் செய்கிறார்கள்.

அரசு என்ற சொல்லை நாம் பயன்படுத்தும்போது பெரும்பாலும் தண்டை நினைத்துக்கொள்கிறோம். எஃகு, நேர்க்கோடு, மேலிருந்து கீழ். நாம் அன்றாடம் உரசுவது மரையோடுதான். லஸ்கர், கிராம உதவியாளர், கம்பம் ஏறும் மின்வாரியத் தொழிலாளி என்று எளிதில் தேயும்படி, எளிதில் மாற்றும்படி வைக்கப்பட்ட பணிகள் இவை. காலியான இடங்களை நிரப்பாமல், ஒருவரே நாலைந்து மடையைப் பார்க்கும்படி விடுவது சிக்கனம் என்று சொல்லப்படுகிறது. கிரீஸ் போட ஆளில்லாத திருகு துரு ஏறுகிறது. துரு ஏறிய திருகு இன்னும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்கிறது. மூடியது மூடியபடி, திறந்தது திறந்தபடி. கடைசியில் விவசாயிகளே கடப்பாரையோடு போய் நெம்பித் தண்டு வளைந்துபோகிறது. பாரத்துக்கு எதிராகக் கீழ்நோக்கி அழுத்தும்போது நீண்ட தண்டு வளையும் என்பது தெரிந்த விஷயம். அரசுச் சொத்துக்குச் சேதம் என்று வழக்குப் பதிவாகும். அதற்கு முந்தைய துருவின் காலத்துக்கு வழக்குப் பதிவதில்லை.

இந்த இடத்தில் நம் விவசாய இயக்கங்களின்மேல் எனக்கொரு விமர்சனம் உண்டு. தண்ணீர் கேட்டு மறியல் செய்கிறோம், அமைச்சரைப் பார்க்கிறோம், 48 அடியில் எவ்வளவு இருக்கிறது, ராதாபுரத்துக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குக் கேட்கிறோம். எல்லாம் சரி. லஸ்கர் பணியிடத்தை நிரப்பு என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்? மடைத் திருகைச் சுற்றுகிறவரையும் தண்ணீருக்காகக் காத்திருக்கிறவரையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிற அமைப்பை, அந்த எதிர்நிலையை ஏற்றுக்கொண்டே நாம் எதிர்த்துக்கொண்டிருக்கிறோம்.

6

பூட்டிக்கொள்ளும் திருகு ஊர்களுக்கிடையே செய்ததை மாநிலங்களுக்கிடையேயும் செய்யும். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. அந்தப் போராட்டத்தையும் அதில் உயிர்விட்டவர்களையும் நாம் மறந்துவிட முடியாது. எல்லைக்கோடு மனிதர்களின் மொழியைக் கேட்டுப் போடப்பட்டது. தண்ணீரின் போக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. நெய்யாறு அணை கேரளத்தில் நின்றது. அதன் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்கு வந்தது. 2004இல் கேரளம் அந்தத் தண்ணீரை நிறுத்தியது. தமிழ்நாடு 2012இல் உச்சநீதிமன்றம் போனது.

யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கவனிக்க வேண்டியது அந்த மூடலின் தன்மையை. மூடுவதற்கு ஒரு நாள் போதும். மூடியிருப்பதற்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வருஷங்கள் அதுபாட்டுக்குப் போகும். கீழே கால்வாயில் புல் முளைக்கும், கரை இடியும், நெல் வயல் ரப்பராகும், வாழையாகும், வீட்டு மனையாகும். திறக்க வேண்டுமென்றால்தான் கடிதம், பேச்சுவார்த்தை, வழக்கு என்று அத்தனை சுற்றும் சுற்றவேண்டும். பாரம் கீழே எவ்வளவு கூடினாலும், எத்தனை வயல் காய்ந்தாலும், அந்த அழுத்தம் தண்டைத் தானாகத் திருப்பாது. திருகின் விதி அது. பழைய பலகையாக இருந்தால் எல்லையின் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் அடித்துக்கொண்டிருப்பார்கள். பிறகு ஏதோ ஒரு முறைவைப்புக்கும் வந்திருப்பார்கள். இது கனவு என்று தெரியும். இருந்தாலும் எந்த வகைப் பகை தீரக்கூடியது என்று யோசிக்க இது உதவும்.

7

கடைசியாக ஆரல்வாய்மொழி. கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர்வரை அடிக்கும் அடி எல்லாருக்கும் தெரியும். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைச் சுற்றி 1990களில் காற்றாலைகள் எழுந்தன. பின்பு காவல்கிணறு பக்கமாக நெடுஞ்சாலையின் இருபுறமும் பரவின. இந்தக் கட்டுரையின் பொருளுக்கு அவை அந்நியமல்ல. உச்சியில் இருப்பதும் பாரத்தோடு மெதுவாகச் சுழலும் ஓர் இரும்புத் தண்டுதான். ஆனால் மடைத் திருகைத் தலைகீழாகப் புரட்டிய தண்டு அது. மடையில் கை வேகமாகச் சுற்றுகிறது, தண்டு மெதுவாக ஏறுகிறது. காற்றாலையில் தண்டு மெதுவாகச் சுற்றுகிறது, பல்சக்கரப் பெட்டி அதை நிமிஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு சுற்றாக்கி மின்னாக்கியிடம் கொடுக்கிறது. 1.5 மெகாவாட் காற்றாலை ஒன்று நிமிஷத்துக்கு 16 சுற்று சுற்றுவதாகக் கொண்டால், அதன் பெருந்தண்டில் விழும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கையின் நுனியில் 90 டன்னைத் தொங்கவிட்டதற்குச் சமம். நம் மடைத் திருகில் விழுவதைப்போல ஏறத்தாழ மூவாயிரம் மடங்கு. எந்த லஸ்கரும் வேண்டாம்.

அந்தத் தண்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதைப் பூட்டி அசையாமல் நிறுத்திவைத்தால், நின்ற இடத்தில் சிறு அதிர்வுகளால் பேரிங்கில் தடம் விழும். ஆகவே மின்சாரம் எடுக்காத நேரத்திலும் மெல்லச் சுற்றவிடுவது நல்லது என்பார்கள். சும்மா சுற்றுகிறதே என்று நாம் நினைக்கும் காற்றாலை தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

இந்தத் தண்டுகள் ஏன் வந்தன? மின்பற்றாக்குறை ஒரு காரணம், வருமானவரிச் சலுகை இன்னொன்று. 1990களின் முற்பகுதியில் காற்றாலையில் போட்ட முதலீடு முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்தது. பிறகு அது 80 விழுக்காடாயிற்று. தேய்மானம் என்ற சொல்லைக் கவனியுங்கள். புத்தம்புதிய எஃகுத்தண்டு தாளில் ஒரே வருஷத்தில் தேய்ந்துபோகிறது, அதற்கு லாபமும் கிடைக்கிறது. கால்வாய்க்கரையில் நிஜமாகவே தேய்ந்துகொண்டிருக்கிற மரைக்கும் மனிதருக்கும் அப்படி ஒரு பத்தி கணக்கில் இல்லை.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனலைவிடவும், கூடங்குளத்தைவிடவும் காற்று மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1970லும் 1971லும் வந்த கோதையாறு நீர்மின் நிலையங்கள் 60, 40 மெகாவாட். அவற்றின் தண்டைச் சுற்றிய தண்ணீர் அப்புறம் பேச்சிப்பாறைக்கு வந்து வயலுக்கும் போனது. அந்தத் தண்டின் மேல் ஊருக்கு ஒரு பாத்தியதை இருந்தது. தண்ணீரை ஏன் இப்போது விடவில்லை என்று கேட்கலாம். ஆரல்வாய்மொழிக் காற்றின்மேல் அந்த ஊருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. காற்றுக்கு மேல்மடை, கடைமடை கிடையாது, முறைவைப்பு கிடையாது, நாட்டார் கூட்டமும் கிடையாது. நிலம் விற்ற அன்றோடு ஊரின் பேச்சு முடிந்தது. தண்டைச் சுற்ற மனிதர் வேண்டியிருந்தபோது, சுற்றுகிறவரோடு சண்டை போட்டாவது ஊர் அந்த முடிவில் தலையிட்டது. மனிதரை நீக்கிய தண்டில் தலையிட இடமே இல்லை.

8

இவ்வளவும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. நம் வரலாற்றெழுத்தில் கட்டியவர்களுக்கு இடமிருக்கிறது. இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, கட்டும்போது மண் சுமந்தவர்களுக்கும் இடம் கிடைக்கிறது. கட்டியதை அன்றாடம் இயக்கியவர்களுக்கு இன்னும் இல்லை. மடைகளில் திறந்த அளவு, மூடிய நேரம் எல்லாம் குறித்துவைத்த பதிவேடுகள் அலுவலகங்களில் உண்டு. முதலியார் ஓலைகளுக்குக் கொடுக்கும் மரியாதையை அந்தப் பதிவேடுகளுக்கும் கொடுக்கவேண்டும். நூறு வருஷத்துத் தண்ணீர்ப் பங்கீட்டின் உண்மையான வரலாறு அவற்றில் இருக்கும். கரையான் அதற்குமுன் படித்து முடித்துவிடக் கூடாது. ஓய்வுபெற்ற லஸ்கர்களில் பலர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள். எந்த மடை எந்தச் சண்டையில் எத்தனை சுற்றுக் கூடுதலாகத் திறந்தது என்று அவர்களுக்குத் தெரியும். எழுத்தாளர்கள் போய்க் கேட்கலாம்.

இயக்கத் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு. திறந்த அளவை மடைக் கரையிலேயே ஒரு பலகையில் எழுதிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஊரில் யாரும் படிக்கும்படி, எத்தனை சுற்று என்று. திருகு தானே பூட்டிக்கொள்ளட்டும், அதன் குணம் அது. எப்போது, எவ்வளவு, யார் சொல்லி என்பதும் அதோடு சேர்ந்து பூட்டிக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. மரை போடும் சம்பளமும், கிரீஸ் வாங்கும் பணமும், லஸ்கர் பணியிடமும் தண்ணீர்க் கோரிக்கையின் முதல் வரியில் வரவேண்டும். அடுத்த ஜூனில் தண்ணீர் திறக்கும்போது மலர்தூவும் படத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் யார் என்று ஒருவராவது கேட்டால், அங்கிருந்து தொடங்கலாம்.